பிரின்சியின் கணினிக்கு நான் கூட்டிய வேகம்

என் தங்கையின் படத்தை அழித்தவள் நான்தான்.

மின்சாரம் போய் வந்ததில் அழிந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எதையுமே மீட்க முடியவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அதுவும் பொய். மீட்டேன். ஏறக்குறைய முழுவதையும் மீட்டேன். தனியாக உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன்.

பார்த்த பிறகு அழித்தேன்!

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சொன்னால் மனம் லேசாகும் என்றா? அந்த நம்பிக்கை எனக்கில்லை. முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன். இரண்டாவது வரி தடையில்லாமல் வந்தது. அவ்வளவு எளிதாக வந்ததுதான் எனக்கே பயமாக இருக்கிறது...

என் பெயர் ஷைலா. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த புதிதில் உள்ளே வருபவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்க போனாரு?" என்று கேட்பார்கள். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஊரான கருங்கல்லில் கைவிட்டதை, குழித்துறையில் முடியாது என்று திருப்பி அனுப்பியதை என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் 'ஆகும்' என்றால் ஆகும். 'ஆகாது' என்றால் வேறு எங்கும் கொண்டுபோக மாட்டார்கள். இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது அந்த ஒரு பெயரைத்தான்.

அந்தப் பெயரைக் கொண்டுதான் என் தங்கையைக் கொன்றேன்.

கொன்றேன் என்பது பெரிய வார்த்தையா? அவள் உயிரோடுதான் இருக்கிறாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து புட்டு அவிக்கிறாள். ஆனாலும் நான் வார்த்தையை மாற்றப்போவதில்லை.

எங்கள் அம்மா இறந்தபோது தங்கை பிரின்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரி ஓட்டியவர். கேரளத்துக்கு அன்னாசியும் வாழைக்குலையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு போவார். நான் டிப்ளமோ முடித்து, இன்ஜினியரிங்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர இடமும் கிடைத்திருந்த சமயத்தில், லாரி சாய்ந்து அவருடைய இடுப்பு உடைந்தது. நான் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு கணினிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இதைத் தியாகம் என்று எண்ணிவிடாதீர்கள். அப்பா என்னைப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நானாக நின்றேன். நின்றதற்கு யாராவது என்னிடம் வந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அந்த மௌனம் எனக்குள் புளித்துக்கொண்டே கிடந்தது.

பிரின்சி படம் வரைவாள். திருவனந்தபுரத்தில் அனிமேஷன் படிக்க அவளை அனுப்பியது நான்தான். படித்துவிட்டு வந்தவளுக்கு, ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பெட்டியிலிருந்து ஒரு கணினி சேர்த்துக் கொடுத்ததும் நான்தான். அவளை எனக்குப் பிடிக்கும். நீங்கள் நம்பமாட்டீர்கள்... ஆனால் அதுவும் உண்மை. அவள் தலையை நான் எத்தனையோ காலைகளில் பின்னிவிட்டிருக்கிறேன்.

வீட்டின் உள்ளறையில் அந்தக் கணினியின் முன்னே உட்கார்ந்து அவள் ஒரு சிறிய படம் செய்துகொண்டிருந்தாள். கொச்சியிலுள்ள ஓர் அனிமேஷன் கம்பெனிக்காரர்கள் அவள் வரைந்தவற்றைப் பார்த்துவிட்டு, முழுதாக முடித்த ஒரு படம் அனுப்பு, நன்றாக இருந்தால் வேலை உனக்கு என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஒரு தேதியும் குறித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா சாட்சி சொல்ல எழுந்தார். கம்பை ஊன்றி, கஷ்டப்பட்டு எழுந்தார்.

"எனக்க எளைய பிள்ளைக்கி கர்த்தர் ஒரு வாசலத் தொறந்திருக்காரு. எனக்க குடும்பத்தில இப்பிடி ஒரு பிள்ள பொறந்ததுக்கு நான் என்ன செய்தேன்னு தெரியல்ல..."

குரல் உடைந்து அழுதார். சபையே 'ஸ்தோத்திரம்' என்றது. பெண்கள் பக்கத்தில் பிரின்சிக்கு அருகே உட்கார்ந்து நானும் சொன்னேன். அந்த ஆலயத்தில் அப்பா எனக்காக ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. நான் கடை திறந்தபோதும் இல்லை. என் சம்பாத்தியத்தில் அவருடைய இடுப்புக்கு இரண்டாம் அறுவைச் சிகிச்சை நடந்தபோதும் இல்லை.

சின்ன விஷயம். மிகச் சின்ன விஷயம்! ஒரு மனிதர் எழுந்து நின்றதையும் நிற்காததையும் வைத்து இன்னொருத்தியின் வாழ்க்கையை அழிப்பார்களா? நான் அழித்தேன்.

இரண்டொரு நாளில் பிரின்சி கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. வரைந்த காட்சிகளை ஒளியும் நிழலும் சேர்த்து முழுப் படங்களாக உருவாக்கித் தருவதற்குக் கணினி நாள்கணக்கில் இடைவிடாமல் ஓடவேண்டும். அவளுடையது பழைய பெட்டி. நத்தைபோல் ஊர்ந்தது.

"அக்கா, இந்தச் சவத்த கொஞ்சம் ஓட்டம் கூட்டித் தருவியா? பிராசஸர ஓவர்க்ளாக் செய்யலாம்னு கூட்டுக்காரி ஒருத்தி சொன்னா."

"இது பூட்டின பிராசஸராக்கும் பிள்ளே. பெரிசா ஒண்ணும் கூடாது."

"கொஞ்சமாவது கூடுமா? பிரயோஜனம் உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு."

பிரயோஜனம் உண்டா, இல்லையா... இந்தக் கேள்வியோடு இன்றும் எத்தனையோ பேர் என் கடைக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் நான் கொடுக்கும் பதில் ஒன்றுதான். இல்லை.

ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன். அப்போதுதான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியும். சில பிராசஸர்களில் வேகத்தைக் கூட்டிக்கொள்ள, செய்தவர்களே வழி விட்டிருப்பார்கள். சிலவற்றில் அந்த வழியைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியதை முடுக்க வேண்டுமானால் ஒரு குறுக்குவழிதான் உண்டு. போர்டிலுள்ள எல்லா உறுப்புகளும் எந்தத் துடிப்புக்கு இயங்குகின்றனவோ, அந்தப் பொதுத் துடிப்பையே கூட்ட வேண்டும். பிரின்சியிடமிருந்த பழைய போர்டில் அதைச் செய்தால் பிராசஸர் மட்டும் வேகமாக ஓடாது. டிஸ்க்கும் சேர்ந்து ஓடவேண்டியிருக்கும். அந்த ஓட்டம் அதற்குத் தாங்காது. கொஞ்ச நேரம் சரியாக எழுதும். பிறகு தப்பாக எழுதும். தப்பாக எழுதியதை யாரிடமும் சொல்லாது.

இவ்வளவு ஆபத்துக்குக் கிடைக்கும் லாபம் என்ன? ஒரு பகல் வேலையில் ஒரு சாயா குடிக்கிற நேரம் மிச்சமாகும். அவ்வளவுதான்!

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். 'கடையில் நல்ல மெஷின் ஒன்று இருக்கிறது, அதில் உன் படத்தைப் போட்டு ஓடவிடு' என்றும் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. அவளுடைய அந்தத் தோழிதான். பிரின்சி கடை வாசலுக்குப் போய் நின்று பேசினாள்.

"இல்லட்டி, அக்காக்க கடையில நிக்கேன்... ஆமா, அவ ஸ்குரூ முறுக்குவா, அவ்வளவுதான். படம் கிடம் ஒண்ணும் அவளுக்கு மனசிலாவாது. பாவம்..."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கேலி இல்லை. செல்லமாகத்தான் சொன்னாள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் அன்புகூட இருந்தது. எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்... அந்த அன்புதான் என்னைச் சுட்டது!

அவள் திரும்பி வந்தபோது நான் முடிவு செய்திருந்தேன்.

"வச்சிட்டுப் போ. கூட்டித் தாறேன்."

"பிரயோஜனம் உண்டும், இல்லியா?"

"உண்டும்."

அந்த ஒற்றைச் சொல்... நான் சொன்னால் அவள் வேறு யாரிடமும் கேட்கமாட்டாள் என்பது தெரிந்தே சொன்ன சொல்.

அவள் முகம் மலர்ந்தது. பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"அக்கா, இதுவரைக்கும் செய்தத வேற டிஸ்க்கில ஒரு காப்பி எடுத்து வைக்கட்டா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

இதுவரை நான் சொன்னதையெல்லாம் கோபம் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். தங்கையின் வாய்த்துடுக்கு, அக்காவின் ரோஷம், ஒரு முட்டாள்தனம் என்று கடந்துபோகக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். கோபக்காரி அப்படிப் பதில் சொல்லமாட்டாள். நிதானமாக யோசிப்பவள்தான் சொல்லுவாள்.

"ஓட்டம் கூட்டின பெறவு ரெண்டாவது டிஸ்க் போட்டா பவர் சப்ளை தாங்காது. படம் முடியட்டும், மொத்தமா நானே எடுத்துத் தாறேன்" என்றேன். பொய். தாராளமாகத் தாங்கும்.

"செரி அக்கா" என்றாள்.

போய்விட்டாள்.

கணினியைத் திறந்தேன். துடிப்பைக் கூட்டினேன். எந்த அளவுக்குக் கூட்டினால் அன்றே நின்றுபோகும், எந்த அளவுக்குக் கூட்டினால் நாலைந்து நாள் ஒழுங்காக ஓடுவதுபோல் நடித்துவிட்டு டிஸ்க்கைக் கெடுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டாவதைத்தான் வைத்தேன். யாருக்கும் எந்த வேலை செய்து கொடுத்தாலும் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதைச் சோதிக்கவில்லை. சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த சில நாட்கள் பிரின்சி பாடிக்கொண்டே வீட்டில் நடமாடினாள். "அக்கா, இப்ப பறக்குது கேட்டியா!" என்றாள். ஒன்றும் பறக்கவில்லை. பழைய வேகத்துக்கும் புதிய வேகத்துக்கும் வித்தியாசம் அவள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நான் செய்தேன் என்பதால் பறந்தது. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மீன்குழம்பு பிசைந்து சோறு தின்றேன்.

தடுத்திருக்க முடியாதா? ஒவ்வொரு நாளும் முடியும்! உள்ளறைக்குப் போய் அந்தத் துடிப்பைப் பழைய இடத்துக்கு இறக்கிவைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் குளிக்கப் போகிற நேரம் போதும். நான் உள்ளறைப் பக்கமே போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்து மட்டும் வந்து நின்றது. அதைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, உடனே கூப்பிட்டாள்.  மூச்சுதான் கேட்டது.

அப்பாவும் அவளுமாக ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அப்பா அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைப் படியேறினார்.

"மக்கா, இது செரியாவுமா? நீ பாத்தா ஆவும்லா?"

"பாக்கேன்ப்பா. வச்சிட்டுப் போங்க."

பிரின்சி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கியே அக்கா, எனக்குப் பயமில்ல" என்றாள். கை ஐஸாக இருந்தது.

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு நான் ஆராதனைக்குப் போகவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க்கைக் கழற்றிக் கடையிலிருந்த நல்ல மெஷினில் மாட்டினேன். கோப்புகளின் வரிசைதான் குலைந்துபோயிருந்தது. உள்ளே இருந்தவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. மத்தியானத்துக்குள் மீட்டுவிட்டேன். சில காட்சிகளில் மட்டும் படங்கள் பாதிபாதியாகக் கிழிந்திருந்தன. என் மெஷினில் ஓடவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அவற்றையும் புதிதாக எடுத்துவிடலாம். கொச்சிக்காரர்கள் குறித்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

பாருங்கள், கடவுள் எனக்கு எவ்வளவு வசதியாக வழி திறந்து வைத்திருந்தார்! செய்த பாவத்தைச் செய்யாததாக ஆக்கிவிடலாம். அது மட்டுமா? தங்கையைக் காப்பாற்றிய அக்கா என்ற பெயரும் கிடைக்கும். ஒருவேளை அப்பா எழுந்து நின்று சொல்லக்கூடும்...

முதலில் படத்தைப் பார்க்க நினைத்தேன். பார்த்தேன்.

மழை பெய்கிறது. எங்கள் மார்த்தாண்டம் சந்திப்பு. வாகனங்கள் அசையாமல் நிற்கின்றன. நடுவே ஒரு பழைய லாரி. ஓட்டுபவர் எங்கள் அப்பா. அந்தச் சப்பை மூக்கும், காதில் சொருகிய பீடியும்! லாரியிலிருந்து ஒரு பெரிய பலாப்பழம் நழுவிச் சாலையில் விழுகிறது. உருள ஆரம்பிக்கிறது. ஒரு போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடுகிறார். மீன்கூடைக்காரி ஓடுகிறாள். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போதகர் ஓடுகிறார். கல்யாண வீட்டிலிருந்து மாப்பிள்ளை மாலையோடு ஓடுகிறான். பழம் யார் கைக்கும் சிக்காமல், கருங்கல் கடந்து, தென்னந்தோப்புகள் கடந்து, இனயம் கடற்கரைவரை உருண்டுபோய்க் கடலில் விழுகிறது. ஊர் முழுக்கக் கரையில் நின்று மூச்சுவாங்குகிறது. அலை அந்தப் பழத்தை ஒருதரம் திருப்பி எறிகிறது. எல்லோரும் பாய்கிறார்கள். அலை திரும்பவும் இழுத்துக்கொள்கிறது...

நான் சிரித்தேன். கடைக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். போதகர் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே ஜெபம் பண்ணுகிற காட்சியில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒன்றை என் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து ஒருத்தி செய்திருக்கிறாள்! சந்திப்பின் மழை, ஈரமான தார்ச்சாலையில் கடை விளக்குகள் விழும் விதம், ஆட்டோக்காரன் வேட்டியை மடித்துக் கட்டும் விதம்... எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

திரும்பவும் போட்டுப் பார்த்தேன். இந்த முறை என்னைத் தேடினேன்.

இருந்தேன்.

பலாப்பழம் ஒரு சந்தைத் தாண்டும்போது, சந்துக்குள் ஒரு கடை. தெருவே கத்துகிறது. நாய்கூட எழுந்து ஓடுகிறது. அந்தக் கடைக்குள் மட்டும் ஒரு பெண் வாசலுக்கு முதுகைக் காட்டி, ஒரு திறந்த பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஊரிலேயே திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். முகமில்லை. முதுகு மட்டும். என் பச்சைச் சுடிதார். என் கொண்டை. கழுத்தருகே என் மச்சம்கூட!

அந்த இடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் வெறுப்பு இருந்ததா? இல்லை. கிண்டல்? கொஞ்சம் இருந்திருக்கலாம். அன்போடு வரைந்தாள் என்றுகூட நீங்கள் சொல்லலாம். நான் வேலையில் மூழ்கிக் கிடப்பதைக் கவனித்து, மச்சம்வரை நினைவில் வைத்து வரைந்திருக்கிறாளே! ஆனால் எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. இவள் என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். இதை உலகமும் பார்க்கப்போகிறது. பார்த்துச் சிரிக்கப்போகிறது.

அழித்தேன்.

சும்மா அழித்தால் மீட்க முடியும் என்பது தெரிந்தவள் நான். ஆகையால் மீட்டெடுத்து வைத்த பிரதியையும் டிஸ்க் முழுவதையும் சுழியங்களால் நிரப்பும் முறையில் அழித்தேன். அது மெதுவாக நடக்கும். நடந்து முடியும்வரை அருகிலேயே இருந்தேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சந்தில் போகிற சத்தம் கேட்டது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பிறகு போர்டின் துடிப்பைப் பழைய அளவுக்கு இறக்கிவைத்தேன். என் கைபட்ட தடம் எதுவும் இல்லை.

அந்த டிஸ்க்கைப் பின்னாளில் கருங்கல்லில் ஒரு கோழிக்கடைக்குப் பில் போடும் கணினி சேர்த்துக் கொடுத்தபோது அதில் மாட்டிவிட்டேன். வேகம் குறைந்ததும் அது கெடாமல் நன்றாகவே ஓடியது. இன்றும் ஓடுகிறது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"போயாச்சு. ஒண்ணும் கிட்டல்ல."

பிரின்சி தரையில் உட்கார்ந்தாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமே கிட்டல்லியா மக்கா?"

"கரண்டு போய் வந்ததில டிஸ்க் அடிச்சிட்டுப்பா. யூ.பி.எஸ். இல்லாம ராப்பகலா ஓடவிட்டா பின்ன என்ன செய்யும்? நான் அன்னைக்கே சொன்னேன், இது பூட்டின பிராசஸர், வேண்டாம்னு. அவதான் கேக்கல்ல."

பூட்டியது என்று மட்டும்தான் சொன்னேன்; வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பிரின்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போது மறுப்பாள் என்று நினைத்தேன்.  அவள் யோசித்தாள். கண்ணுக்கு முன்னாலேயே அவளுடைய நினைவு வளைந்துகொடுத்ததை நான் பார்த்தேன்... அக்கா சொன்னால் சொல்லியிருப்பாள்!

"ஆமாப்பா. அக்கா சொன்னா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

அப்பாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "அவ அம்புட்டுச் சொல்லியும் நீ கேக்கல்லியா மூதி? ஓட்டம் கூட்டணும், ஓட்டம் கூட்டணும்னு... இப்ப எல்லாம் கூடியாச்சா?" என்று கத்தினார். கம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சபையில் சொல்லிவிட்டோமே என்ற வெட்கம் அவருக்கு. அம்மா போன பிறகு அவர் பிரின்சியைத் திட்டி நான் கேட்டது அன்றுதான்.

நான் நடுவே போய், "விடுங்கப்பா, சின்னப் பிள்ளதானே" என்றேன். அதையும் செய்தேன்!

பிரின்சி சமையலறைக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்கிவிட்டேன் அக்கா என்று சொன்னாள். நான் மன்னித்தேன்.

அதோடு அவள் ஓய்ந்துவிடவில்லை. ஒரு பழைய பென்டிரைவில் ஆரம்பக் காட்சிகள் சில கிடந்தன. அவற்றை வைத்துத் திரும்ப முயன்றாள். கடையிலுள்ள நல்ல மெஷினில் ஓடவிடலாமா என்று கேட்டாள். அது வாடிக்கையாளருடையது, தொடக்கூடாது என்றேன். பொய். அது என்னுடையது. அவள் முடிந்தவரை துண்டுதுண்டாகச் சேர்த்துக் கொச்சிக்கு அனுப்பினாள். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். முடிக்கத் தெரிந்தவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள்.

முடிக்கத் தெரியாதவள் என்று அவள் தன்னைப் பற்றி நம்பத் தொடங்கியது அன்றுதான்.

மழைக்காலம் முடிந்தபோது அவளே வந்து, "வீட்டில சும்மா இருந்தா மனசுக்கு வெப்ராளமா வருது அக்கா. உனக்க கடையில நிக்கட்டா?" என்று கேட்டாள். நின்றாள். நிற்கிறாள். கல்யாணம், பால்காய்ப்பு, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி... எல்லாவற்றுக்கும் ஃபிளக்ஸ் பேனர் வடிவமைத்துக் கொடுக்கிறாள். அவள் செய்யும் பேனருக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். செத்தவர்களின் மங்கிய புகைப்படத்தை வாங்கி, அந்த முகத்தில் ஓர் உயிர்க்களை கொண்டுவந்துவிடுவாள். பார்த்த மாத்திரத்தில் வீட்டார் அழுதுவிடுவார்கள். பக்கத்துக் கடையும் எங்களுடையதாகிவிட்டது.

போன வருடம் அப்பா இறந்தார். சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "நீ இல்லேன்னா இவ என்ன ஆயிருப்பா மக்கா... நீதான் காப்பாத்துன" என்றார். எவ்வளவு காலம் நான் காத்திருந்த வார்த்தை! வந்தது. என் பொய்க்குக் கூலியாக வந்தது. நான் மறுக்கவில்லை. அவருக்கான கண்ணீர் அஞ்சலியைப் பிரின்சிதான் செய்தாள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும் வழியில் தோன்றியது. 'பிரின்சி...' என்று ஆரம்பித்தேன். "என்னக்கா?" என்று திரும்பினாள். "செருப்ப விட்டுட்டு வாறியே" என்றேன்.

சென்ற வாரம் மத்தியானம் கடையில் யாரும் இல்லை. அவள் எதையோ நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"யோசிச்சுப் பாத்தா அந்தப் படம் அழிஞ்சது நல்லதுக்குத்தான் அக்கா."

"என்னது?"

"அது அப்பிடி ஒண்ணும் கொள்ளாது. நான் ஒரு பெரிய ஆளுன்னு எனக்க மனசில ஒரு இது. கொச்சிக்குப் போயிருந்தா நாலு நாளில வெரட்டி விட்டிருப்பாவ. நீ பாக்கல்லல்லா, பாத்திருந்தா நீயே சொல்லியிருப்ப."

என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்த உயிர் இந்த உலகத்தில் அவளைத் தவிர நான் ஒருத்திதான். 'நான் பார்த்தேன், அது அற்புதம்' என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். என்னை ஒப்புக்கொடுக்காமல் அதைச் சொல்ல வழியில்லை. குறைந்தபட்சம், 'அப்படிச் சொல்லாதே, நீ நன்றாகத்தான் செய்திருப்பாய்' என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எந்த அக்காவும் சொல்லக்கூடிய வார்த்தைதான்...

"ஆமாட்டி. உனக்கு இதுதான் செரி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, தன் கணினியில் அந்த அனிமேஷன் மென்பொருள் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எடுத்துவிடுகிறாயா என்று கேட்டாள். சாப்பாட்டு நேரங்களில் அவள் அதைத் திறந்துவைத்துக்கொண்டு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு காலமும் அவள் அதை எடுக்கவில்லை. நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதை நீக்கிக் கொடுத்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்று, என் கொண்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள்.

நீங்கள் ஒருநாள் மார்த்தாண்டம் வரக்கூடும். என் கடையைக் கண்டுபிடிக்கவும் கூடும். வாசலருகே இருப்பவள் எழுந்து வந்து, "வாங்க, என்ன செய்யணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். தயவுசெய்து அவளிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்!

அவள் மனம் உடைந்துவிடும் என்பதற்காகக் கேட்கவில்லை. என்னை வெறுப்பாள் என்ற பயமும் இல்லை. இவ்வளவு சொன்ன பிறகு உங்களிடம் எதற்கு மறைப்பு? கிறிஸ்துமஸ் வருகிறது. ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. அவள் போய்விட்டால் என் கடையில் பேனர் வேலையை யார் பார்ப்பது?